செப்டம்பர் 14-ல் பிறந்தவர்கள்

1969 டிசம்பர் 1, திங்கட்கிழமை இரவு. வாஷிங்டனில் கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் 366 நீலநிறப் பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒரு தேதிச் சீட்டு. நியூயார்க் மாநில எம்.பி. அலெக்ஸாண்டர் பிர்னி கையை விட்டு முதல் குப்பியை எடுத்தார்.

செப்டம்பர் 14.

1944 முதல் 1950 வரை அந்த நாளில் பிறந்த அமெரிக்க இளைஞர்கள் அத்தனை பேருக்கும் 1 என்ற எண் விழுந்தது. ராணுவத்துக்கு முதலில் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். அங்கே வியட்நாம் போர் காத்திருந்தது. வருடா வருடம் அம்மா கேக் செய்து கொண்டாடிய நாள், ஒரே நொடியில் வேறு நாளாகிவிட்டது.

கல்லூரி விடுதிகளில் டிவியைச் சுற்றி மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தேதி வாசிக்கப்பட்டதும் ஒருவன் எழுந்து பேசாமல் வெளியே போவான், அறை அமைதியாகும். பாதியில் வந்து சேர்ந்தவர்களின் பாடு இன்னும் கொடுமை. தன் தேதி இனிமேல்தான் வருமா, ஏற்கெனவே வந்துவிட்டதா? மறுநாள் பத்திரிகையில் பட்டியலைப் பார்க்கும்வரை பலருக்குத் தூக்கமில்லை. ஒரே தேதிக்காரர்களுக்குள் யார் முந்தி என்று தீர்மானிக்க ஆங்கில எழுத்துகளையும் குலுக்கினார்கள். முதலில் வந்தது 'ஜே'. பிறந்த நாள் போதாதென்று, பெற்றோர் ஆசையாக வைத்த பெயரும் கணக்கில் சேர்ந்தது.

1970-ல் 195-ஆம் எண் வரை அழைத்தார்கள். 196 கிடைத்தவன் தப்பினான். சின்ன எண்காரர்களில் சிலர் காலாட்படையிலிருந்து தப்பிக்கக் கடற்படையிலும் விமானப்படையிலும் தாங்களாகவே சேர்ந்தார்கள். சிலர் எல்லை தாண்டிக் கனடா போனார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பில் கிளின்டனுக்கு விழுந்தது 311. இரண்டு நாள் கழித்து, அர்கான்ஸாஸ் ராணுவ அதிகாரி ஒருவருக்கு அவர் தன் மனப் போராட்டத்தைக் கொட்டி எழுதிய கடிதம், 1992 அதிபர் தேர்தல் பிரசாரத்தில் வெளியே வந்து பெரும் புயலைக் கிளப்பியது.

இந்தக் குலுக்கலுக்கு முன்பு ஊர் வாரியங்கள்தான் யாரை எடுப்பது என்று முடிவுசெய்தன. கல்லூரிக்குப் போக வசதியுள்ள பிள்ளைகளுக்கு அவகாசம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகள் போருக்குப் போனார்கள். குலுக்கலில் எல்லாரும் சமம் என்று அரசு நம்பிக்கை கொடுத்தது. அந்தக் குலுக்கலையாவது ஒழுங்காகச் செய்திருக்க வேண்டாமா? ஜாடியில் கொட்டும் முன் குப்பிகளை மாதவாரியாக ஒரு பெட்டியில் போட்டவர்கள் சரியாகக் கலக்கவில்லை. கடைசியில் போட்ட டிசம்பர் குப்பிகள் பெரும்பாலும் முன்னதாகவே கைக்கு வந்துவிட்டன. டிசம்பரின் 31 தேதிகளில் 26, முதல் 183 எண்களுக்குள் விழுந்தன. சுமார் ஒரு மாதத்திலேயே புள்ளியியலாளர்கள் இதைப் பத்திரிகைகளில் எடுத்துச் சொன்னார்கள்.

1970 ஜூலையில் நடந்த அடுத்த குலுக்கலில் தேதிக்கு ஓர் உருளை, எண்ணுக்கு ஓர் உருளை என்று முறையை மாற்றினார்கள். அது 1951-ல் பிறந்தவர்களுக்கு. முந்தைய குலுக்கலின் எண்களில் யாரும் கைவைக்கவில்லை. டிசம்பர் பிள்ளைகள் அதே எண்களோடுதான் ராணுவ முகாமுக்குப் பஸ் ஏறினார்கள்.