பெட்டிக்குள் வந்த காதல்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. கருமத்தம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு டிவி பெட்டி வரப் பல வருடம் ஆனது. அப்போது பெட்டிக்குள் காதல் என்றால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டுகளோடு சரி. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்த பிறகு தொடர்கள் பெருகின. ஆனால் அவற்றில் சிரிப்பைவிடக் கண்ணீரே அதிகம்.

2011இல் விஜய் டிவியில் 'சரவணன் மீனாட்சி' வந்தது. செந்தில், ஸ்ரீஜா இருவரும் ஏற்கெனவே 'மதுரை' தொடரில் ஜோடியாக நடித்தவர்கள். கேலியும் சண்டையும் காதலுமாக அந்தக் கதை போனது. பிற்பாடு அவர்கள் நிஜத்திலும் தம்பதி ஆனார்கள்.

எங்கள் காலத்தில் பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டி சிரித்துப் பேசுவது வழக்கமில்லை. பகலெல்லாம் தறிச் சத்தம், ராத்திரி அசதி. வீட்டுக்காரி என்னை 'ஏனுங்க' என்பாள், நான் 'இந்தா' என்பேன். அவ்வளவுதான்.

ஒருநாள் அந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தவள், "நாமளும் இப்படிப் பேசியிருக்கலாமுங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலையில் காப்பி கேட்கும்போது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.