வளையும் திரி: மெழுகுவர்த்தியும் வீட்டுத் தீப்பாதுகாப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய வீடுகளில் எரிந்த மெழுகுவர்த்தி, அருகில் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய தீயாக இருந்தது. தேவாலயங்களும் செல்வர் மாளிகைகளும் விலை மிகுந்த தேன்மெழுகை எரிக்க, எளியோர் ஆட்டுக்கொழுப்பையும் மாட்டுக்கொழுப்பையும் உருக்கிச் செய்த வர்த்திகளையே நம்பியிருந்தனர். இங்கிலாந்தில் 1709 முதல் 1831 வரை மெழுகுவர்த்திக்கு வரி இருந்ததால், அதற்கும் வழியற்றோர் கோரையினப் புல்லின் நெட்டியைக் கொழுப்பில் தோய்த்து எரித்தனர்.

கொழுப்பு வர்த்தியின் ஆபத்துக்குக் காரணம் கொழுப்பு மட்டுமன்று, திரியும்தான். முறுக்கிய பருத்தித் திரி சுடரின் நடுவே நிமிர்ந்து நிற்கும். சுடரின் உட்பகுதிக்குக் காற்று எட்டாததால் அதன் நுனி சாம்பலாகாமல் கரியாகவே நின்று, நீண்டு, கனத்து, புகை கக்கி, இறுதியில் கனன்றபடியே உருகிய கொழுப்பிலோ மேசைவிரிப்பிலோ விழும். கவனிக்காமல் விட்ட வர்த்தியின் ஒளியை அளந்த அறிவியலாளர் ரம்ஃபோர்டு பிரபு, நுனி வெட்டியவுடன் 100 ஆக இருந்த ஒளி 11 நிமிடத்தில் 39 ஆகவும், 29 நிமிடத்தில் 16 ஆகவும் குறைவதைக் கண்டார். ஆகவே மெழுகுவர்த்தி எரிந்த வீடுகளில் அதற்கென்றே ஒரு கத்தரி இருந்தது; வெட்டுண்ட கனல் கீழே சிந்தாதிருக்க அதன் அலகின்மேல் சிறு பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். படுக்கையறைக்கு எடுத்துச் செல்லும் விளக்குத்தண்டு அகன்ற தட்டும் கைப்பிடியும் கொண்டிருந்ததோடு, சுடரைக் கவிழ்த்து அணைக்கும் கூம்பு ஒன்றையும் தன்னிடமே வைத்திருந்தது.

இந்நிலையை மாற்றிய முயற்சிகள் பிரான்சில் தோன்றின. கொழுப்பு என்பது கிளிசரினும் சில அமிலங்களும் சேர்ந்தது என்பதைத் தம் ஆய்வுகளால் நிறுவி 1823-இல் நூலாக்கிய வேதியியலாளர் செவ்ரல், அவற்றுள் கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தால் வர்த்தி செய்ய 1825-இல் சக வேதியியலாளர் கே-லுசாக்குடன் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் பொறியாளர் காம்பசெரஸ் திரியை முறுக்காமல் பின்னினார். பின்னிய திரி எரியும்போது தானே ஒருபுறம் வளைய, அதன் நுனி சுடரின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து காற்றுப்பட்டு முற்றிலும் எரிந்துபோகும். எஞ்சும் சாம்பலும் தேங்காதிருக்க, திரியைப் போரிக் அமிலத்தில் ஊறவைக்கும் முறையை 1830களில் வர்த்தி உற்பத்தியாளர் டி மில்லி புகுத்தினார். செவ்ரலின் பெயர் நிலைத்த அளவுக்கு இப்பின்னல் நினைக்கப்படவில்லை. ஆயினும் இல்லங்களைக் காத்ததில் அதன் பங்கு ஸ்டியரிக் அமிலத்தின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

புதியது எல்லாம் நல்லதாகவும் இல்லை. ஸ்டியரிக் அமிலம் நொறுங்கும் படிகமாகாதிருக்கச் சிலர் அதில் ஆர்சனிக் நஞ்சைக் கலந்ததை, 1837-இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவச் சங்கம் ஆராய்ந்து கண்டித்தது. மறுபுறம், விக்டோரியா அரசியின் திருமணத்தையொட்டி 1840-இல் பிரைஸ் நிறுவனம் விற்ற மலிவான வர்த்தி, ஸ்டியரிக் அமிலத்தோடு தேங்காயெண்ணெயின் கெட்டிப் பகுதியையும் சேர்த்துச் செய்யப்பட்டது. நுனி வெட்டத் தேவையில்லை என்பதே அதன் பெருமை. அந்நிறுவனத்தார் தேங்காய்க்காக இலங்கையில் தோட்டமும் வாங்கியிருந்தனர்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்கு உரையாற்றிய மைக்கேல் ஃபாரடே, சுடரால் மேலெழும் காற்று வர்த்தியின் ஓரத்தைக் குளிரவைப்பதால் நடுவே கிண்ணம்போன்ற குழி உண்டாகி உருகிய மெழுகைத் தாங்குகிறது என விளக்கினார். ஒருபுறமிருந்து காற்று வீசினால் அக்குழியின் விளிம்பு உடைந்து மெழுகு வழியும். சன்னலோரத்திலும் மின்விசிறியின் கீழும் வர்த்தி வைக்கலாகாது என்பதற்கு, சுடர் அருகிலுள்ள துணியைப் பற்றும் என்பதோடு, இதுவும் காரணம்.

கண்ணாடிக் குவளையில் ஊற்றிய நறுமண மெழுகு பரவியபோது திரியின் பழைய சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மென்மையான மெழுகு முழுதும் உருகும்போது திரி சாயாதிருக்க, சில உற்பத்தியாளர்கள் அதனுள் ஈயக் கம்பியை வைத்தனர். எரியும்போது ஈயம் காற்றில் கலந்து, குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2003-இல் அத்தகைய திரிகளையும் அவை கொண்ட மெழுகுவர்த்திகளையும் தடைசெய்தது.