டாக்டருக்குப் படிக்க டிகிரி வேணுமா? - சின்னாளபட்டி வழியாக ஒரு வரலாறு

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்கணும்னா முதலில் 4 வருஷம் ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் 4 வருஷம் மருத்துவக் கல்லூரி. நம்ம ஊரில் +2 முடிச்ச கையோட எம்.பி.பி.எஸ். ஏன் இந்த வித்தியாசம்? நம்ம ஆளுங்க 17 வயசுலயே பெரிய அறிவாளி ஆயிடறாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க :-)

முதலில் அங்கே என்ன நடந்ததுன்னு பார்ப்போம். 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தப்போதான் டிகிரி இருந்தால்தான் சேர்ப்போம்னு கறாரா சொன்னாங்க. பணம் கொடுத்த மேரி காரெட் என்ற பெண்மணி போட்ட நிபந்தனை அது. பெண்களையும் ஆண்களுக்குச் சமமா சேர்க்கணும்ங்கறது இன்னொரு நிபந்தனை. 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் 155 பள்ளிகளைப் பார்த்துட்டு அறிக்கை எழுதினப்போ, ரெண்டு வருஷமாவது கல்லூரிப் படிப்பு கேட்டவை வெறும் 16. அந்த அறிக்கைக்கு அப்புறம் தரம் ஏறிச்சு, உண்மை. ஆனா கறுப்பின மாணவர்களுக்குன்னு இருந்த 7 பள்ளிகளில் 5 மூடிப்போச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நாம பிடிச்சுக்கிட்டது பிரிட்டன் வழி. அங்கே மருத்துவமே முதல் பட்டம்தான். எம்.பி.பி.எஸ்.ல இருக்கற 'பி'யே பேச்சிலர்தானே! 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படிச்சுட்டுத்தான் போனார், ஆனா பி.ஏ. முடிக்கல. பின்னாடி இண்டர்மீடியட், அதுக்கப்புறம் பி.யூ.சி., 1978-லிருந்து +2ன்னு வாசலோட பேர்தான் மாறிக்கிட்டே வந்தது.

சரி, இப்ப நம்ம திண்டுக்கல் மேட்டருக்கு வருவோம்.

மதுரை ரோட்டில் சின்னாளபட்டி பக்கம் இருக்கற காந்திகிராமம் தெரியும்தானே? 1947-ல் அதைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரோட மகள். 1904-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜனும் டாக்டர், பிளேக் நோயாளிகளைப் பார்க்கப் போய் 1925-ல் இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் இந்தம்மா படிச்சு, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து, 1936-ல் டாக்டரா வெளியே வந்தார். அப்போ வயசு 32! 1952-ல் ஆத்தூர் (சேலம் ஆத்தூர் இல்லீங்க, நம்ம ஆத்தூர்) எம்.எல்.ஏ., 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துறையில் துணை அமைச்சர். அவர் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவமனை இன்னைக்கும் அங்கே நடக்குது.

கணவரை இழந்த பெண் அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கறதே பெரும்பாடு. அதுக்கு மேல ஒரு பி.ஏ.வும் கேட்டிருந்தா? ரெண்டு வருஷம்தானேன்னு நமக்குத் தோணும். அவங்களுக்கு அது ரெண்டு மலை.

அப்போ அதைவிடச் சின்ன வாசலும் ஒண்ணு இருந்தது. எல்.எம்.பி. படிப்பு. பள்ளி முடிச்சாலே சேரலாம். வேலூரில் 1918-ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி கொடுத்தது அதைத்தான். கிராமத்து ஜனங்க கண்ணில் பட்ட 'எல்.எம்.பி. டாக்டர்' இவங்கதான். 1946-ல் போர் கமிட்டி எண்ணிப் பார்த்தப்போ பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 47,500 டாக்டர்கள். அதில் கிட்டத்தட்ட 30,000 பேர் இந்த வகை! ஆனாலும் கமிட்டி, இனி எம்.பி.பி.எஸ். ஒண்ணுதான்னு சொல்லிடுச்சு. குழுவுக்குள்ளேயே சிலர், இப்ப இருக்கற டாக்டர் பஞ்சத்தில் இது வேண்டாம்னு மறுப்பு எழுதினாங்க. எடுபடலை. ஸ்டான்லி 1938-லேயே கல்லூரியாகியிருந்தது, வேலூர் 1942-ல் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறியிருந்தது. தரம் ஏறினது நிஜம்தான். கிராமத்துக்குப் போற டாக்டர் குறைஞ்சதும் நிஜம்தான்.

அதனால 'டிகிரி வேணுமா'ங்கற கேள்விக்குள்ளே 'எத்தனை வருஷம் காத்திருக்க வசதி இருக்கு'ங்கற கேள்வி ஒளிஞ்சிருக்கு. நம்ம ஊர் சட்டப்படி இன்னைக்கும் டிகிரி வேண்டாம். ஆனா 2017-ல் நீட் வந்தப்புறம் நிலவரம் என்ன? ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த கணக்குப்படி, 2020-21ல் தமிழ்நாட்டில் சீட் வாங்கினவங்களில் 71 சதவீதத்துக்கு மேல, ஒரு வருஷமாவது காத்திருந்து மறுபடி எழுதினவங்க. பட்டம் தராத ஒரு வருஷம், ரெண்டு வருஷம்! கோச்சிங் ஃபீஸ் தனி. 2020-ல் அரசுப் பள்ளிப் பசங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது கொஞ்சம் ஆறுதல்.

திண்டுக்கல்லுக்கே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. கட்டடம் பக்கத்தில் வந்துடுச்சு, வாசல் பக்கத்தில் வந்துச்சா?

கொசுறு: நீட்டுக்கு 25 வயசு உச்சவரம்புன்னு ஒரு விதி இருந்து, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 2022-ல் எடுத்தாங்க. 32 வயசில் படிப்பை முடிச்ச சௌந்தரம் அம்மா அந்த விதி இருக்கறப்போ அப்ளிகேஷன் போட்டிருந்தா, வாங்கியே இருக்க மாட்டாங்க.

உங்க ஊர்ல எல்.எம்.பி. டாக்டர் யாராவது இருந்தாங்களா? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்க.