ஞாயிறு இரவுகளை நடத்திய பெண்கள்

மெட்டல்ஹெட்ஸ் என்றதும் ஜங்கிள் இசை கேட்பவர்களுக்குத் தங்கப்பல் மின்னச் சிரிக்கும் கோல்டியின் முகம்தான் நினைவுக்கு வரும். 1994இல் லண்டனில் அந்த இசைத்தட்டு லேபிளைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். அவர்களில் இருவர் பெண்கள்: கெமிஸ்ட்ரி என்ற பெயரில் இசைத்த கெமி ஒலுசன்யா, ஸ்டார்ம் என்ற பெயரில் இசைத்த ஜேன் கொனீலி. இந்தத் தகவல் எங்கும் மறைக்கப்படவில்லை. ஆனால் கதை சொல்லப்படும்போது கோல்டி 'நிறுவனர்' ஆகிறார், இவர்கள் 'உடன் இருந்தவர்கள்' ஆகிறார்கள். இலக்கிய வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் இந்த நகர்வு எனக்குப் பழக்கமானது. பத்திரிகை ஆசிரியரின் பெயர் நிற்கும்; மெய்ப்புப் பார்த்து, சந்தா கணக்கு எழுதி, கட்டுகளைத் தபாலில் சேர்த்தவரின் பெயர் நிற்காது. ஆகவே இந்த இசையின் வரலாற்றையும் யார் என்ன வேலை செய்தார்கள் என்ற கேள்வியோடுதான் வாசிக்கிறேன்.

முதலில் இசை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 'ஆமென், பிரதர்' என்ற பாடலை ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. அதன் நடுவே மற்றக் கருவிகள் ஓய, டிரம்மர் கிரெகரி கோல்மன் ஏறத்தாழ 7 நொடிகள் தனியாக வாசிக்கிறார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து இளைஞர்கள் அந்தத் துண்டைச் சாம்ப்ளரில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, அடி அடியாக வெட்டி, வேறு வரிசையில் ஒட்டினார்கள். நிமிடத்துக்கு 160க்கு மேற்பட்ட துடிப்புகளில் தாளம் பறக்க, அதற்கடியில் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த பேஸ் பாதி வேகத்தில் நடந்தது. இதுதான் ஜங்கிள். கோல்மனுக்கு இதிலிருந்து பணம் எதுவும் வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். பிறர் உழைப்பை வெட்டி ஒட்டி எழுந்த இசை, உழைத்தவரின் பெயரை மறந்துவிடும் பழக்கத்தோடுதான் பிறந்தது.

பெண்களின் குரலுக்கும் அதுவே நேர்ந்தது. பழைய பாடல்களிலிருந்து ஒரு சொல், ஒரு பெருமூச்சு, ஓர் இழுப்பு வெட்டி எடுக்கப்பட்டு ஆயிரம் தட்டுகளில் ஒலித்தது. பாடியவள் யாரென்று ஆடியவர்களுக்குத் தெரியாது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவருக்கு அவருடைய சொல்லையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கினார்கள். ஜங்கிள் தட்டுகள் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. பெயரோடு பாடியவர்களுக்கும் புகழ் பாதிதான் கிடைத்தது. கோல்டியின் 1995ஆம் ஆண்டு ஆல்பமான 'டைம்லெஸ்' பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அதன் தலைப்புப் படைப்பை 21 நிமிடங்கள் தாங்கி நிற்பது டயான் சார்ல்மேனின் குரல். 2015இல் அவர் புற்றுநோயால் இறந்தபோதுதான் பலர் அந்தப் பெயரை முதன்முறையாகக் கேட்டார்கள்.

கெமி 1963இல் பர்மிங்காமில் பிறந்த கறுப்பினப் பெண். ஸ்டார்ம் எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவப் பணியாளராக இருந்தவர். நண்பர்களான இருவரும் லண்டனில் ஒரே வீட்டில் தங்கி, டர்ன்டேபிள் வாங்கி, தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இசைக்கப் பழகினார்கள். வியாழன் இரவுகளில் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் வளைவுகளுக்கடியில் இருந்த ஹெவன் கிளப்பில் 'ரேஜ்' என்ற நிகழ்வு நடந்தது. அங்கே ஃபேபியோவும் குரூவ்ரைடரும் ஹவுஸ், டெக்னோ தட்டுகளோடு உடைந்த தாளத் தட்டுகளைக் கலந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஓவியராக, கிராஃபிட்டிக் கலைஞராக அறியப்பட்டிருந்த கோல்டி கெமியின் காதலர். அவரை ரேஜுக்கு அழைத்துப்போனவர்கள் இந்தப் பெண்கள். அந்த இசையைக் கேட்டபின்தான் தானும் இசை செய்ய வேண்டும் என்று அவர் இறங்கினார். அவருடைய தொடக்கப் படைப்புகளில் ஒன்றுக்கு 'கெமிஸ்ட்ரி' என்றே பெயர். இந்த இடத்தைக் கதை சொல்பவர்கள் கவனித்துச் சொல்வதில்லை: பாட்டுக்குப் பெயராக நின்ற பெண்ணை 'தூண்டுகோல்' என்பார்கள். கெமி தூண்டுகோல் மட்டுமல்ல. ரசனையில் அவர் கோல்டிக்கு ஆசிரியர்.

மூவரும் சேர்ந்து லேபிள் தொடங்கிய 1994, இந்த இசைக்கு நல்ல காலம் அல்ல. அந்த ஆண்டு பிரிட்டன் நிறைவேற்றிய குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாளம் கொண்ட இசைக்காகத் திறந்தவெளியில் கூடுவோரைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. ஜங்கிள் என்றால் கறுப்பின இளைஞர்கள், போதைப்பொருள், அடிதடி என்று எழுதிய பத்திரிகைகளும் இருந்தன. இசை உரிமம் இல்லாத வானொலிகளில்தான் வாழ்ந்தது. கிளப்புகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சொந்த லேபிளும் சொந்த இரவும் வைத்திருப்பது பிழைத்திருப்பதற்கான வழி.

லேபிள் நடத்துவது என்பது என்ன? இசையமைப்பாளர்களைத் துரத்தி நாடாக்களை வாங்குவது, தட்டு அச்சிடும் ஆலையோடு பேசுவது, சோதனைத் தட்டைக் கேட்டுப் பிழை பார்ப்பது, விநியோகஸ்தரிடம் பணம் கேட்டு நிற்பது, எது வெளிவர வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பது. மெட்டல்ஹெட்ஸின் முதல் ஆண்டுகளில் அதன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் கெமிஸ்ட்ரியும் ஸ்டார்மும். டில்லின்ஜாவின் 'தி ஏஞ்சல்ஸ் ஃபெல்', அலெக்ஸ் ரீஸின் 'பல்ப் ஃபிக்ஷன்' என 1995இல் வந்த தட்டுகள் இன்றும் இந்த இசையின் அளவுகோல்கள். அந்த ஆண்டுகளின் தேர்வுகளைத் தொகுத்து 'பிளாட்டினம் பிரேக்ஸ்' 1996இல் வெளியானது.

1995இல் ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் புளூ நோட் கிளப்பில் மெட்டல்ஹெட்ஸின் ஞாயிறு இரவு தொடங்கியது. வெள்ளி, சனிகளில் டிஜேக்கள் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். ஞாயிறு அவர்கள் தங்களுக்காக வாசித்துக்கொள்ளும் நாள். ஹாக்ஸ்டன் அன்று பாழடைந்த கிடங்குகளின் பகுதி. சின்ன அறை, தாழ்ந்த கூரை, உடம்பை உலுக்கும் பேஸ். பலர் கையில் டப்பிளேட் வைத்திருந்தார்கள். டப்பிளேட் என்பது ஒற்றைப் பிரதியாக வெட்டப்படும் மெல்லிய தட்டு. சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்துவிடும். பல மாதம் கழித்து விற்பனைக்கு வரப்போவதை இங்கே வந்தவர்கள் முதலில் கேட்டார்கள். கெமிஸ்ட்ரியும் ஸ்டார்மும் அங்கே நிலையான டிஜேக்கள். இருவரும் ஒரே மேடையில் மாறி மாறித் தட்டு மாற்றுவார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தொடர்வதில் இருவருக்கும் நடுவே போட்டி இல்லை. ஒரே நட்சத்திரத்தை மையமாக வைக்கும் டிஜே பண்பாட்டில் அது வேறொரு முறைமை.

அதே புளூ நோட்டில், அடுத்த நாள் திங்கள் இரவு, தெற்காசியக் குடியேறிகளின் பிள்ளைகள் கூடினார்கள். 'அனோக்கா' என்ற அந்த நிகழ்வும் 1995இல் தொடங்கியதுதான். தபலாவும் சாரங்கியும் ஜங்கிள் தாளத்தோடு அங்கே உரையாடின. அதை நினைவுகூர்பவர்கள் தபலாக் கலைஞர் தல்வின் சிங்கைச் சொல்கிறார்கள். அவரோடு சேர்ந்து அதைத் தொடங்கி நடத்திய ஸ்வீட்டி கபூரின் பெயர் அரைவரியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. ஒரே கட்டடம், அடுத்தடுத்த இரண்டு இரவுகள், ஒரே மறதி. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. மேடையில் நிற்பதே படைப்பு, மேடையை உருவாக்குவது வீட்டுவேலை என்ற பிரிவினை கலை உலகத்துக்குள்ளும் அப்படியே வந்துவிடுகிறது.

1999 ஜனவரியில் 'டிஜே கிக்ஸ்' என்ற புகழ்பெற்ற வரிசையில் இருவரின் தொகுப்பு வெளியானது. உலகம் அவர்களைக் கேட்கத் தொடங்கிய நேரம். அந்த ஏப்ரல் 25ஆம் தேதி அதிகாலை, நிகழ்ச்சி முடிந்து காரில் திரும்பும் வழியில், முன்னே சென்ற வேனின் சக்கரம் சாலையில் பதித்த பிரதிபலிப்பான் ஒன்றைப் பெயர்த்தெறிந்தது. அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து கெமியின் உயிரைப் பறித்தது. அவருக்கு வயது 35.

ஸ்டார்ம் நிறுத்தவில்லை. இருவராகப் பழகிய கலையைத் தனியாக வாசிக்கக் கற்று, இன்றும் வாசிக்கிறார். இளைய பெண் டிஜேக்கள் பலருக்கு அவரே முன்னோடி. 2006இல் மந்த்ரா என்ற பெண் டிஜே, டபுள் ஓவுடன் சேர்ந்து லண்டனில் 'ரப்ச்சர்' என்ற ஜங்கிள் இரவைத் தொடங்கினார்; பின்னர் அதுவே லேபிளும் ஆனது. 2018இல் மந்த்ரா 'ஈக்யூ50' என்ற கூட்டமைப்பை உருவாக்கினார். டிரம் அண்ட் பேஸ் உலகில் பெண்களுக்கும் பாலின அடையாளத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பயிற்சி தருவதும், விழா நிரல்களில் அவர்கள் இடம் எங்கே என்று கேட்பதும் அதன் வேலை. முதல் லேபிளைப் பெண்கள் நடத்தி இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் இந்தக் கேள்வி தேவைப்பட்டது என்பதை நாம் யோசிக்க வேண்டும். பெண்கள் ஒரு துறைக்குள் நுழைவது ஒருமுறை நடந்து முடிகிற காரியம் அல்ல. அவர்கள் செய்தது பதிவாகாதபோது, அடுத்து வருபவள் முதல் ஆளாகவே கருதப்படுகிறாள்; எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கெமிஸ்ட்ரியையும் ஸ்டார்மையும் 'பெண் டிஜேக்கள்' என்ற தனிப் பத்தியில் சேர்ப்பது போதாது. அவர்கள் பதிப்பாளர்கள், தேர்வாளர்கள், நிறுவனர்கள். அந்தச் சொற்களை அவர்களுக்கு வழங்கிய பிறகு மெட்டல்ஹெட்ஸின் வரலாற்றை மறுபடி எழுதிப் பார்த்தால், கோல்டியின் இடம் குறைவதில்லை. அவர் தனியாக நிற்கவில்லை என்பது மட்டும் தெரியவரும்.