கண் நன்றாக இருக்கிறது, பார்வை எங்கே?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார்கள். சரி என்று சரித்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மெக்கானிக்கல் படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். இந்தக் கதையின் நடுவில் ஓர் அளவுக் கருவி இருக்கிறது. நம் மெட்ராலஜி லேபில் வெர்னியரோடும் சைன் பாரோடும் மல்லுக்கட்டிய யாருக்கும் இதைச் சொல்ல உரிமை உண்டு.

நாம் பார்ப்பது கண்ணால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கண் ஒரு கேமரா மட்டுமே. அது பிடிக்கும் படம் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் கொண்ட ஒரு கேபிள் வழியாகத் தலையின் பின்பக்கம் போகிறது. வழியில் ஒரு ஜங்ஷன். அங்கே ஒவ்வொரு கேபிளிலும் ஏறக்குறையப் பாதி இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன, மீதி அதே பக்கம் தொடர்கின்றன. இதனால் இரண்டு கண்களும் பார்க்கும் இடப்பாதிக் காட்சி வலது மூளைக்கும், வலப்பாதிக் காட்சி இடது மூளைக்கும் போய்ச் சேருகிறது. பாதி இழைகள்தான் தாண்டுகின்றன என்று 1704-லேயே தம் ஒளியியல் நூலில் ஊகமாக எழுதியவர் வேறு யாருமில்லை, நம் ஐசக் நியூட்டன்தான்!

ஆனால் கேபிள் எங்கே போய் முடிகிறது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. லண்டனில் டேவிட் ஃபெரியர் மூளையின் பக்கவாட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். பெர்லினில் ஹெர்மன் முங்க், இல்லை, பின்மண்டைக்கு உள்ளே இருக்கும் பகுதிதான் என்றார். முங்க் சொன்னதுதான் நின்றது. அடுத்த கேள்வி இன்னும் கஷ்டம். அந்தப் பகுதிக்குள் எந்த இடம் காட்சியின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது? சர்க்யூட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, டிராயிங் இல்லை. அந்த டிராயிங்கைக் கொடுத்தது யுத்தம்.

ஜப்பானில் ஓர் இளம் டாக்டர்

1904-லும் 1905-லும் ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டன. ரஷ்யச் சிப்பாய்கள் கையில் இருந்தது 1891 மாடல் மோசின்-நாகாந்த் ரைஃபிள். 7.62 மில்லிமீட்டர் குண்டு, நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் வேகம். பழைய பெரிய ஈயக் குண்டுகள் மண்டையைச் சிதறடித்துவிடும். இந்தச் சின்னக் குண்டோ பல சமயம் ஒரு பக்கம் நுழைந்து, டிரில் போட்டது மாதிரி நேர்கோட்டில் போய், மறுபக்கம் வெளியேறிவிடும். தலையில் சுடப்பட்டும் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குக் கண் அப்படியே இருந்தது, பார்வையில் ஒரு பகுதி மட்டும் காணாமல் போயிருந்தது.

இவர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் தரவேண்டும். எவ்வளவு தருவது? பார்வை எவ்வளவு போயிற்று என்று அளக்க வேண்டும். அந்த வேலை தாத்சுஜி இனோயே என்ற கண் டாக்டரிடம் வந்தது. 1881-ல் பிறந்தவர், அப்போது இருபதுகளில் இருந்தார். ஒரு கண்ணை மூடிக் கண்ணாடிப் போட்டுவிட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் இந்த இழப்பு சரியாகத் தெரியாது. அவர் ஒவ்வொருவருக்கும் பார்வைப் பரப்பு முழுவதையும் அளந்து படம் போட்டார். எந்தப் பக்கம், எத்தனை டிகிரி வரை தெரிகிறது, எங்கே இருட்டு என்று எல்லாம் அதில் வந்தது.

பென்ஷனுக்கு அது போதும். ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. தலையின்மேல் பொருத்தி, குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் மூன்று அச்சுகளில் அளக்கும் கருவி ஒன்றைத் தாமே உருவாக்கினார். இரண்டு புள்ளிகளின் எக்ஸ், ஒய், இசட் கிடைத்துவிட்டால் நடுவில் ஒரு கோடு போடலாம். அந்தக் கோடு மூளையின் எந்த மடிப்பைத் தொட்டுப் போகிறது என்று கணக்கிடலாம். எக்ஸ்ரே அப்போதுதான் பிறந்து பத்து வருஷம். ஸ்கேன் என்ற வார்த்தைக்கே வேலை இல்லாத காலம். நான் தினமும் தொழிற்சாலையில் கோ-ஆர்டினேட் மெஷரிங் மெஷினில் செய்யும் காரியத்தை அவர் காயம்பட்ட மனிதர்களின் தலையில், அவர்களுக்கு வலிக்காமல் செய்திருக்கிறார்.

29 பேரின் கணக்கை வைத்து 1909-ல் ஜெர்மன் மொழியில் புத்தகம் போட்டார். முடிவு இதுதான்: நாம் நேராக உற்றுப் பார்க்கும் நடுப்பார்வை மூளையின் பின்கோடியில் இருக்கிறது, ஓரப் பார்வை அதற்கு முன்னால் உள்ளே இருக்கிறது. ஸ்வீடனின் பெரிய நிபுணர் ஹென்ஷென் இதற்கு நேர் எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு விஷயம், நடுப்பார்வை காட்சியில் கொஞ்ச இடம்தான், மூளையிலோ அதற்குத்தான் பெரிய பட்டா! எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நுணுக்கம் எங்கே வேண்டுமோ அங்கே இடம் அதிகம்.

பிரான்சில் இரும்புத் தொப்பி

அடுத்தது முதல் உலகப் போர். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 1915-லிருந்து தட்டு மாதிரி ஓர் இரும்புத் தொப்பி கொடுத்தார்கள். மேலிருந்து விழும் சிதறல்களுக்கு அது நல்லதுதான், ஆனால் பின்மண்டையின் கீழ்ப்பாகம் திறந்தே கிடந்தது. வடக்கு பிரான்சின் ராணுவ ஆஸ்பத்திரிகளில் அந்தக் காயங்களோடு வந்தவர்களைப் பார்த்தவர் கோர்டன் ஹோம்ஸ் என்ற ஐரிஷ் டாக்டர். அவரும் கண் டாக்டர் வில்லியம் லிஸ்டரும் 1916-ல் வெளியிட்ட படம், இனோயே சொன்னதை உறுதி செய்தது. 1991-ல் எம்.ஆர்.ஐ. உதவியோடு அந்தப் படத்தைத் திருத்தினார்கள். அடிப்படை மாறவில்லை, நடுப்பார்வைக்கு அவர்கள் கொடுத்ததைவிட இன்னும் அதிக இடம் என்று தெரிந்தது.

ஹோம்ஸின் பதிவுகளில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிப் போட்டது. அவர் பார்த்தவர்களில் கீழ்ப்பாதிப் பார்வை இழந்தவர்களே அதிகம், மேல்பாதி இழந்தவர்கள் குறைவு. ஏன்? கீழ்ப்பாதிக் காட்சியைக் கவனிக்கும் இடம் மூளையில் மேலே இருக்கிறது. மேல்பாதிக் காட்சிக்கான இடம் கீழே, பெரிய ரத்தக் குழாய்களுக்கும் சிறுமூளைக்கும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வரை வந்து சேரவே இல்லை! தர ஆய்வில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். கைக்கு வந்த சாம்பிளை மட்டும் பார்த்தால் போதாது, வராதது எது என்றும் கேட்க வேண்டும்.

ஹோம்ஸ் இன்னொரு கூட்டத்தையும் பார்த்தார். இவர்களுக்குக் கண்ணும் சரி, கண்ணை அசைக்கும் தசைகளும் சரி. ஆனால் எதிரே நீட்டிய பொருள்மேல் பார்வையைக் கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை, தூரம் தெரியவில்லை, சுவரில் போய் முட்டினார்கள். அதற்கு முன்பே, 1909-ல், புடாபெஸ்டில் ரெசோ பாலிண்ட் இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு ஒரு சமயத்தில் ஒரு பொருள்தான் தெரியும். சிகரெட்டைப் பற்றவைக்கப் போனால் நுனியை விட்டுவிட்டு நடுவில் நெருப்பு வைப்பார்.

1964-ல் டொரொன்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் விவரித்த நோய் இதற்கும் ஒரு படி மேல். நோயாளியால் கீழே பார்க்க முடியாது. படியில் தடுக்கி விழுவார், தட்டிலிருப்பதைச் சிந்துவார். ஆனால் அவரை ஒரே இடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டாக்டர் அவர் தலையைப் பிடித்து மேலே நிமிர்த்தினால் கண் தானாகக் கீழே இறங்கும்! மோட்டார் நல்ல மோட்டார், கமாண்ட் சிக்னல்தான் வரவில்லை.

பெரியப்பாவும் ஊறுகாயும்

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், "இடது கண்ணு மங்கிடுச்சுடா" என்றார். கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டார்கள். சரிப்படவில்லை, இரண்டே மாதத்தில் இன்னொரு கண்ணாடி. பேப்பரில் 'செந்தில்குமார்' என்று இருப்பதை 'குமார்' என்று படிப்பார். நிலைப்படியில் இடது தோள் இடிக்கும். இலையில் உப்பும் ஊறுகாயும் வைக்கவில்லை என்று பெரியம்மாவோடு தினமும் தகராறு. இலையின் இடது ஓரத்தில் இரண்டும் இருக்கும். வயசாகிவிட்டது, கவனம் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

கடைசியில் நரம்பியல் டாக்டர் ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, ஓரத்தில் விரலை ஆட்டினார். பிறகு மறு கண். வலது கண்ணை மட்டும் திறந்திருந்தபோதும் இடப்பக்க விரல் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போயிருந்தால் கோளாறு கண்ணில் இல்லை, ஜங்ஷனுக்குப் பின்னால் என்று அர்த்தம். ஸ்கேனில் வலது மூளையின் பின்பகுதியில் பழைய ஸ்ட்ரோக். "நான் சொன்னேனே, யாராவது கேட்டீங்களா?" என்று பெரியப்பா கேட்டதற்கு ஒருவரும் பதில் பேசவில்லை. போன பார்வை வரவில்லை. ஆனால் வரி ஒவ்வொன்றையும் தொடங்குமுன் கண்ணை வேண்டுமென்றே இடதுபக்கம் திருப்பப் பழக்கினார்கள். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, கோடு தெரிகிற வரை கண்ணை நகர்த்து என்று பயிற்சி. இப்போது பேப்பரை முழுசாகப் படிக்கிறார், ஊறுகாயும் கிடைத்துவிட்டது.

சொன்னதை நம்பு

இந்தச் சரித்திரத்தில் நான் கண்ட ஒரே பாடம் இதுதான்: நோயாளி சொல்வது விசித்திரமாக இருந்தாலும் அதை அளந்து பார்க்க வேண்டும். 1917-ல் ஜார்ஜ் ரிடொக் என்ற டாக்டரிடம் சில சிப்பாய்கள், பார்வை போன பக்கத்தில் பொருள் தெரியவில்லை, ஆனால் அசைவது மட்டும் தெரிகிறது என்றார்கள். ரிடொக் அதைப் பதிவு செய்தார். ஹோம்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதால் விஷயம் பல வருஷம் கிடப்பில் கிடந்தது. 1974-ல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குழுவினர், எதுவும் தெரியவில்லை என்று சொல்லும் பக்கத்திலேயே ஒளி எங்கே என்று ஊகித்துச் சரியாகக் கைகாட்டும் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். 1983-ல் மியூனிக்கில் யோசஃப் ஸீல் குழுவினர் இதற்கு நேர் மாறான ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு எல்லாம் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதுபோல் இருக்குமாம். தூரத்தில் நின்ற கார் திடீரென்று பக்கத்தில் நிற்குமாம். அசைவுக்கு மூளையில் தனி இலாகா உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது.

இளைய மாணவர்களே, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் இந்தப் பென்ஷன் டாக்டரை நினைவில் வையுங்கள். கொடுத்த வேலை ஒரு படிவத்தை நிரப்புவது. அவர் அளந்தது ஒரு நாட்டின் வரைபடத்தை.

மற்ற நண்பர்களே, நமக்கும் பெற்றோருக்கும் வயது ஏறுகிறது. திடீரென்று ஒரு பக்கம் தெரியவில்லை, இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது ஸ்ட்ரோக்காக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக முதல் நாலரை மணி நேரம்தான் அவகாசம். பாதிப் பார்வை போனவர் டாக்டரைக் கேட்காமல் வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் பெரியவர் "தெரியலைப்பா" என்றால், முதலில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அடுத்த சந்திப்பில் பார்ப்போம். வணக்கம்.