‘போகப் போக லூசாயிடும்’னு நம்பி ஷூ வாங்குறீங்களா? காலுக்குச் சரியான அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடையில் போட்டுப் பார்க்கும்போது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போட்டதும் குதிகாலில் கொப்புளம், சுண்டுவிரலில் எரிச்சல். “புது ஷூன்னா கடிக்கத்தான் செய்யும், போகப் போக லூசாயிடும்” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

இது பாதிதான் உண்மை. தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் நீளம் கூடாது. ரெக்சின் ஷூக்கள் அந்த அளவுக்குக்கூட நெகிழாது. இறுக்கமான ஷூவைத் தொடர்ந்து போட்டால் கால் ஆணி, நகம் சதைக்குள் வளர்வது, பெருவிரல் மூட்டில் வலி போன்ற தொல்லைகள் வரலாம்.

நம்பர் சரி... ஆனாலும் ஏன் கடிக்குது?

நம்மூர் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது பிரிட்டன் அளவு எண்கள். இதில் ஒரு நம்பர் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கு சுமார் 6.7 மி.மீ. மட்டுமே. கம்பெனிக்கு கம்பெனி அச்சும் மாறும். அதனால் ஆன்லைனில் வாங்கும்போது நம்பரை விட சென்டிமீட்டர் அளவைப் பார்ப்பதே நல்லது.

இன்னொரு சிக்கல் அகலம். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தை விட அகலமானது என அதில் தெரியவந்தது. அகலம் பத்தவில்லை என்று நாம் ஒரு நம்பர் பெரிதாக வாங்கிவிடுகிறோம். உடனே குதிகால் வழுக்க ஆரம்பிக்கிறது. இறுக்கமாக இருப்பது பக்கவாட்டில் என்றால், நம்பரைக் கூட்டாமல் முன்பக்கம் அகலமான மாடலைக் கேளுங்கள்.

வீட்டிலேயே அளவெடுப்பது எப்படி?

* நடமாட நடமாட கால் கொஞ்சம் வீங்கும். அதனால் மாலையில் அளவெடுங்கள்.
* ஒரு பேப்பரை சுவரை ஒட்டி வைத்து, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளக்க வேண்டாம்.
* பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நீளத்தையும் அதிக அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
* இரண்டு காலையும் அளக்கணும். பெரிய காலின் அளவுதான் உங்கள் அளவு.

கடையில் என்ன பார்க்கணும்?

* வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள்.
* நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பெருவிரலை விட அடுத்த விரல் நீளமாக இருப்பவர்களும் உண்டு.
* விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடியணும், குதிகால் வழுக்கக்கூடாது.
* ஷூவை வளைத்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கணும். நடுவில் மடங்கினால் தவிர்த்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால்?

சர்க்கரை நோயால் நரம்பு பாதித்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, ஷூ கடிப்பதே தெரியாமல் போகலாம். இறுக்கமாகப் போட்டால்தான் போட்ட மாதிரியே இருக்கிறது என்று சின்ன அளவை வாங்குபவர்களும் உண்டு. “எனக்கு வலிக்கவே இல்லையே” என்பது இவர்களுக்கு நல்ல செய்தி அல்ல. கவனிக்காத ஒரு கொப்புளம் புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரை போகலாம்.

* உணர்ச்சியை நம்பாமல் அளவெடுத்தே வாங்குங்கள்.
* விரலிடுக்கில் மாட்டும் செருப்பைத் தவிர்த்து, பின்பட்டை உள்ள எம்.சி.ஆர். செருப்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.
* போடும் முன் ஷூவைத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சின்னக் கல் இருந்தாலும் காலுக்குத் தெரியாது.
* புதுசை முதலில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் பாதம் சிவந்திருக்கிறதா எனப் பாருங்கள்.
* புண், கொப்புளம் தெரிந்தால் நீங்களே வெட்டவோ கிள்ளவோ வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு?

“அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்” என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்கினால் தடுக்கி விழும் ஆபத்து உண்டு. அண்ணன் போட்டுத் தேய்ந்த ஷூ தம்பியின் காலுக்குச் சரியாகப் பொருந்தாது. சில மாதங்களுக்கு ஒருமுறை விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என அழுத்திப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் கடிக்குதுன்னு சொல்லாமலே இருந்துவிடுவார்கள்.

அடுத்த முறை கடைக்காரர் “நம்பர் என்ன?” என்று கேட்டால், பழைய நம்பரைச் சொல்லாதீங்க. “அளந்து பார்த்துடலாம்” என்று சொல்லுங்க.