பார்சல் டப்பாவும் பன்னிரண்டு கூடைகளும்



ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது கையில் ஒரு பிரியாணிப் பார்சல் இருப்பது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அதில் குறை காண ஒன்றுமில்லை. வாரம் முழுவதும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஒரு வேளையாவது ஓய்வு வேண்டாமா? ஆனால் உண்டு முடித்தபின் மேசைமேல் எஞ்சுவதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கறுப்பு டப்பா, அதன் மூடி, வெள்ளிநிறப் பை, குழம்பு கட்டி வந்த பிளாஸ்டிக் உறை, பச்சடிக் கிண்ணம், ஒரு கரண்டி. அரைமணி நேர உணவுக்காக வந்த இவை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணில் கிடக்கும்.

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்ததையும், மீதி பன்னிரண்டு கூடை நிறைந்ததையும் நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எதுவும் வீணாகாதபடி மீதியைச் சேர்க்க ஆண்டவரே பணித்தார் என்பதை யோவான் மட்டுமே (6:12) குறிப்பிடுகிறார். யாரிடம் பணித்தார்? சீடர்களிடம். பந்தியில் பரிமாறியவர்களே குனிந்து பொறுக்கினார்கள். அதற்கென்று வேறு ஆட்களை அழைக்கவில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. எச்சில் இலை எடுப்பதும் குப்பை அள்ளுவதும் காலங்காலமாகச் சில சாதியினர் தலையில் கட்டப்பட்ட வேலைகள். நாம் அப்படியே கட்டித் தெருத்தொட்டியில் போடும் பார்சல் உறையை யாரோ ஒருவர் அவிழ்க்கத்தான் வேண்டும். எலும்பும் அழுகிய குழம்பும் எண்ணெயும் அவர் கையில் படுகின்றன. அவர் நம் பங்கைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். நற்கருணை வாங்க நமக்கு முன்னே வரிசையில் நின்றவராகவும் இருக்கலாம். எனவே டப்பாவைக் கழுவிக் கொடுப்பது சுற்றுச்சூழல் காரியம் மட்டுமன்று, நீதியின் காரியமும்கூட.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலின் 211ஆம் பத்தியில், பிளாஸ்டிக்கைக் குறைப்பது, குப்பையைப் பிரிப்பது, உண்ணும் அளவுக்கே சமைப்பது போன்ற சிறு செயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இறையியல் பேசும் திருமடலில் வீட்டுக் குப்பைக்கும் இடம் கிடைத்தது நமக்கு மகிழ்ச்சியே.

இனி, எது எங்கே போகும் என்று பார்ப்போம்.

கறுப்பு அல்லது வெள்ளை டப்பாவின் அடியைத் திருப்பினால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது 5, அதாவது பாலிபுரொப்பிலீன். இதை உருக்கிக் குருணையாக்கி மீண்டும் பொருள் வார்க்கலாம். பழைய பொருள் கடைகளில் வாங்குவார்கள். ஆனால் சுத்தமாக இருந்தால்தான். குழம்பு ஒட்டிய ஒரு டப்பா, அதே சாக்கிலுள்ள காகிதத்தையும் அட்டையையும் எண்ணெய் இறக்கிக் கெடுத்துவிடுகிறது. இரண்டு நாளில் புழு வைக்கிறது. கடைக்காரர் சாக்கோடு ஒதுக்கிவிடுகிறார். நாம் பிரித்துக் கொடுத்தும் பலனில்லாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதற்காக நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம். அரிசி களைந்த நீரோ, பாத்திரம் அலசிய கடைசி நீரோ போதும். அலசிக் கவிழ்த்து உலர்த்தினால் சரி.

அலுமினியக் கிண்ணமும் தாளும் இன்னும் மதிப்புள்ளவை. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மறுசுழற்சியில் மிச்சமாகிறது. வெள்ளிநிறப் பையை மட்டும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. கையால் கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே நின்றால் அலுமினியம், விரிந்து எழுந்தால் பளபளப்புப் பூசிய பிளாஸ்டிக். மறைக்கல்விப் பிள்ளைகள் இதை ஒரே வகுப்பில் கற்றுக்கொள்வார்கள், பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுப்பார்கள்.

அந்தப் பையும், குழம்பு கட்டிய மெல்லிய உறையும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும், தெர்மாகோலும் சாதாரணக் கடைகளில் விலைபோகாதவை. இவற்றைத் தனியே உலர்த்தி உள்ளாட்சியின் மக்காத குப்பையில் கொடுக்கலாம். அதற்குமேல் நம்மால் செய்யக்கூடியது வாங்காமல் இருப்பதே. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு முதலானவற்றைத் தமிழகம் 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இருந்தும் சாம்பார் இன்னும் பிளாஸ்டிக் உறையில்தான் பல கடைகளில் கட்டப்படுகிறது. நாம் தூக்குவாளியை நீட்டினால் மறுக்கும் கடைக்காரர் குறைவே. வாழை இலை, கரும்புச் சக்கைத் தட்டு ஆகியவை உரக்குழிக்குப் போகட்டும். சோற்றோடு உறையைக் கட்டி வீசுவது மாட்டின் வயிற்றில் போய் முடியும்.

எரிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் கோவிலின் பின்புறம் தட்டுகளையும் உறைகளையும் குவித்துத் தீயிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை நச்சு. முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் பக்கத்துக் குடிசைக் குழந்தைகள். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பணித்தன. நம் திருவிழாக் குழுக்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்கு வழியெங்கும் உணவுப் பொட்டலம் கொடுக்கும் நல்ல உள்ளங்கள், பக்கத்திலேயே இரண்டு சாக்குகளையும் கட்டி வைத்தால் எவ்வளவு நலம்! படைப்பின் காலம் தொடங்குவதும் அதே செப்டம்பர் 1இல்தான்.

பங்கு அளவில் செய்ய, அன்பியங்களைவிட ஏற்ற அமைப்பு நமக்கு இல்லை. இருபது முப்பது குடும்பம், மாதம் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு வரும்போதே அலசி உலர்த்திய டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவரலாம். மூடிகள் தனியே, அலுமினியம் தனியே. தொடங்குமுன் உள்ளூர்ப் பழைய பொருள் கடைக்காரரிடம் எதை வாங்குவார் என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஊருக்கு ஊர் அது மாறும். பலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே பெரிய தொட்டிகளை வாங்கி வைத்துவிடுகிறார்கள். கிடைக்கும் தொகை சிறியதாகவே இருக்கும். அது நம் தெருவின் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை வாங்க உதவும். முதல் மாதச் சாக்கோடு பங்குப் பேரவையினர் இருவர் கடைவரை போய், கடைக்காரர் எதை ஒதுக்குகிறார் என்று நின்று பார்த்துவரட்டும். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் அதை வாசிக்கலாம்.